மார்கழிப் பனிக்கு மலை முத்திரை எதற்கு?

கேள்வி: பிக்கப் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும். ஆல் டெரெய்ன் போடலாமா?
- வாசகர், கீரமங்கலம்

பதில்: பலாவும் பூவும் ஏற்றும் ஊர்க்காரர் கேட்கிறார். மழையில் தோப்புப் பாதைச் செம்மண் சேறானால், அகலப் பள்ளம் வெட்டிய அந்த டயர் நன்றாகவே பிடிக்கும். தார்ச்சாலைக்கு வந்தால் ரீங்காரம். டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். மாட்டியவர்கள் முதல் வாரம் தோற்றத்தைப் புகழ்வார்கள், அப்புறம் சத்தத்தைத் திட்டுவார்கள்.

சிலவற்றின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் பனிச்செதிலும் பொறித்திருக்கும். உறைபனிச் சோதனையில் தேறியதற்கான முத்திரை அது. புதுக்கோட்டை மார்கழிக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஓட்டம் பாதிக்குமேல் மண்ணில் என்றால் போடுங்கள். திருச்சி மார்க்கெட்டுக்கே தினமும் என்றால் சாதா டயர் போதும். எடை தாங்கும் எண் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. தயாரிப்பு எண் 2524 என்றால் 2024-இன் 25-ஆவது வாரம். காசு கொடுக்குமுன் படித்துவிடுங்கள்.