போக்கிடமின்மையும் சாலையின் அமைதியும்: ஓர் ஆய்வு

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அமைதியான சாலையைத் தேடிப் போகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்த அமைதி எதனால் விளைகிறது என்று விசாரிப்பார்தான் இல்லை. உயரத்தால் என்பார் ஒரு சாரார். செங்குத்தான ஏற்றத்தால் என்பார் இன்னொரு சாரார். குடியிருப்பு இல்லாத மேட்டுநிலம் என்பதால் என்று முடித்துக்கொள்வார் மூன்றாம் சாரார். மூவருக்கும் காரணம் பிடிபடவில்லை என்பது இவ்வாய்வின் துணிபு. பழைய தருக்க முறையில் சொன்னால்: இச்சாலை அமைதியுடைத்து, போக்கிடம் இன்மையால், கிங்ஸ் ட்ரீ சாலை போல. புகையைக் கொண்டு நெருப்பை ஊகிக்கும் அந்தப் பழைய மலை தருக்கவாதிகளிடம் உழைத்துக் களைத்துவிட்டது. ஆகவே இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளை எடுத்துக்கொள்வோம். மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு, நடுவே ஹீத்தர் புதரும் கரிய பீட் மண்ணும் மூடிய மரமற்ற மூர் நிலம், அதன் பள்ளத்தாக்குகளில் வரிசையாக நீர்த்தேக்கங்கள். சாலைகளுக்குப் போக்கிடம் கொடுத்தும் பறித்தும் பார்க்க இதைவிடத் தோதான ஆய்வுக்கூடம் அமையாது.

முதலில் எடுத்துக்காட்டு. டெர்வென்ட் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் ஃபேர்ஹோம்ஸ் என்னுமிடத்திலிருந்து இரண்டு ஏரிகளின் மேற்குக் கரையை ஒட்டிப் போகும் தார்ச்சாலை, கிங்ஸ் ட்ரீயில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கரடுமுரடான தடம்தான். வார இறுதிகளில் இந்தச் சாலையில் கார்களை விடுவதில்லை. சைக்கிள்காரர்கள் இதை இயற்கை தந்த வரம் என்று கொண்டாடுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களின் தாகத்தைத் தீர்க்க 1899இல் சட்டம் போட்டு ஒரு குடிநீர் வாரியம் அமைத்தார்கள். ஹௌடன் அணை 1912இலும் டெர்வென்ட் அணை 1916இலும் முடிந்தன. கல் கொண்டுவரத் தனி ரயில் பாதை. தொழிலாளர்கள் குடியிருக்கத் தகரத்தாலேயே ஓர் ஊர், பிர்ச்சின்லீ. அதில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதுக்கடை எல்லாம் இருந்தன. அன்று இந்தப் பள்ளத்தாக்கில் அமைதியைத் தேடியவன் ஏமாந்திருப்பான். 1943இலோ, ஜெர்மானிய அணைகளைத் தகர்க்கப் பயிற்சி எடுத்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் இதே நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறந்தன. அதற்கு வெகு முன்பே, அணை முடிந்ததும் தகர ஊருக்கு வேலையில்லாமல் போயிருந்தது. பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே லேடிபவர் அணை எழும்பியபோது டெர்வென்ட், ஆஷ்ஆப்டன் என்ற இரண்டு கிராமங்கள் நீருக்கடியில் போயின. தேவாலயக் கோபுரம் மட்டும் சில காலம் தண்ணீருக்கு மேல் நின்றது. 1947 டிசம்பரில் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆக, இன்று சைக்கிள்காரர் அனுபவிக்கும் அமைதி, லெஸ்டரில் ஒருவர் குழாயைத் திறப்பதன் உபவிளைவு.

பொறியாளர்களுக்கு இந்தக் கோட்பாடு அப்போதே தெரிந்திருந்தது என்பதற்குக் கல்லால் ஆன சான்று உண்டு. லேடிபவரில் நீர் ஏறியபோது முழுகவிருந்த சாலைகளை அவர்கள் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ஷெஃபீல்டிலிருந்து கிளாஸப் போகும் சாலைக்கும் தெற்கே பாம்ஃபோர்டு போகும் சாலைக்கும் பெரும் பொருட்செலவில் இரண்டு நெடும் பாலங்கள் கட்டித் தண்ணீருக்கு மேல் தூக்கிவிட்டார்கள். அவற்றுக்குப் போக்கிடம் இருந்தது. கிராமத்துக்குள் போன தெருக்களுக்கோ பாலம் இல்லை, கிராமமே இல்லையே. டெர்வென்ட் கிராமத்தின் பழைய பொதிக்குதிரைப் பாலத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதைக் கல் கல்லாகப் பிரித்து, ஏரிகளுக்கும் மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் 1959இல் மறுபடி கட்டினார்கள். இன்று அதன் எந்தக் கரையிலும் ஊர் கிடையாது. இவ்வாய்வுக்கென்றே செய்து வைத்த மாதிரிப் பொருள் அது.

எடுத்துக்காட்டு மட்டும் போதுமா, சோதனை வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சோதனைகளை இயற்கையே நடத்திக் கொடுத்திருக்கிறது. முதலாவது, போக்கிடத்தைப் பறித்துப் பார்ப்பது. மேற்சொன்ன கிளாஸப் சாலையின் மலைப்பகுதிக்கு ஸ்னேக் பாஸ் என்று பெயர், 1821இல் திறந்தது, உச்சி 512 மீட்டர். காரும் மோட்டார் சைக்கிளும் உறுமும் பாதை. 2022 பிப்ரவரிப் புயல்களில் நிலம் சரிந்து சில வாரங்கள் மூடிக் கிடந்தது. உயரம் அப்படியே, ஏற்றம் அப்படியே, காற்றும் அப்படியே. போய்ச் சேரும் வசதி மட்டும் போய்விட்டது. உடனே அது நாட்டிலேயே ஆசைப்படத்தக்க சைக்கிள் பாதையாகிவிட்டது. இரண்டாவது சோதனை இதன் தலைகீழ். 2018 வறட்சியில் லேடிபவரில் நீர் வற்றி டெர்வென்ட் கிராமத்தின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. பல்லாண்டுகளாகப் போக்கிடமற்றிருந்த பள்ளத்தாக்குக்கு ஒரு போக்கிடம் மீண்டும் முளைத்தது. கூட்டமும் காரும் குவிந்தன. மழை வந்து கிராமம் முழுகியதும் கூட்டம் கலைந்தது. ஆய்வுலகில் இவ்வளவு சுத்தமான விடை எளிதில் கிடைப்பதில்லை.

இனி மறுப்புகள். ஏற்றம்தான் கார்களை விரட்டுகிறது என்பாரை வின்னட்ஸ் கணவாய்க்கு அனுப்பலாம். ஐந்து அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் சுண்ணாம்புக்கல் இடுக்கு அவர் சொற்படி ஒழிந்து கிடந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே மாம் டோர் மலைச்சரிவில் போன நெடுஞ்சாலையோ, மலை ஓயாமல் சரிந்ததால் செப்பனிட்டு அலுத்து, 1979இல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. போக்குவரத்து வேறு வழியின்றி வின்னட்ஸில் ஏறுகிறது. ஏற்றம் குறைந்த சாலையில் நிசப்தம், ஏற்றம் மிகுந்ததில் நெரிசல்! நீர்த்தேக்கம் இருந்தாலே அமைதி என்பாருக்கு லாங்டெண்டேல் பள்ளத்தாக்கு விடை சொல்லும். பேட்மன் என்ற பொறியாளர் மான்செஸ்டருக்காக அங்கே ஏரிகளை வரிசையாகக் கட்டினார். ஒரு கரையில் வுட்ஹெட் சாலை; லாரிகள் ஓய்வதில்லை. எதிர்க்கரையில் இருந்த ரயில் பாதை 1981இல் மூடப்பட்டு இன்று நடைக்கும் சைக்கிளுக்குமான தடம். ஒரே தண்ணீர், ஒரே மழை, இரண்டு கரை. வேறுபாடு போக்கிடம் ஒன்றுதான். காற்றைக் காரணம் காட்டுவோருக்குப் பதில் சொல்ல இடமில்லை. அது எல்லாச் சாலையிலும் எதிர்க்காற்றாகவே வீசும் என்பது சைக்கிள்காரர்களின் ஒருமித்த முடிவு.

கொஞ்சம் வலுவான மறுப்பு ஸ்ட்ரைன்ஸ் சாலையை முன்வைப்பது. ஷெஃபீல்டுக்கு மேற்கே மூர்களின் விளிம்பில், ஓடைப் பள்ளங்களில் விழுந்து எழுந்து போகும் அது இருமுனையும் திறந்த சாலை, முட்டுச்சந்தன்று. ஆயினும் அமைதியானது. கோட்பாடு பொய்த்ததா? இல்லை. 1770களில் மார்ட்டிமர் என்ற நிலக்கிழார் சுங்கம் வசூலித்துப் பணம் பண்ணலாம் என்று இதைப் போட்டார்; வணிகம் அவர் நினைத்தபடி வந்து சேரவில்லை. வேறு வழியில் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஊர், தருக்கப்படி அந்தச் சாலையின் போக்கிடம் ஆகாது. இதைப் பெயரளவுப் போக்கிடம் என வகுக்கலாம். 2014 ஜூலை 6இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் யார்க்கிலிருந்து ஷெஃபீல்டுக்கு ஹோம் மாஸ் மூரின் மேல் போனதையும், சாலையோரம் மக்கள் வெள்ளம் திரண்டதையும் காட்டி, சைக்கிளே அமைதியைக் கெடுக்கவில்லையா என்று கேட்கலாம். அன்று அந்தச் சைக்கிள்களுக்குப் போக்கிடம் இருந்தது, வெற்றிக்கோடு. நிபாலி அங்கே முதலில் போய்ச் சேர்ந்தார். கோட்பாடு எந்த வாகனத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

எஞ்சுவது உட்பகை. சைக்கிள்காரர்களிலேயே ஒரு பிரிவினர், வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவதுதான் போக்கிடமின்மையின் உச்சம், சேருமிடத்திலிருந்து புறப்பட்ட இடத்தைக் கழித்தால் மிஞ்சுவது சுழி என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் வட்டம் சுற்றுபவர் கிலோமீட்டரை எண்ணத் தொடங்குகிறார். எண்ணே போக்கிடம் ஆகிவிடுகிறது. வழியில் தேநீர்க்கடை ஒன்று வாய்த்தால் நிலைமை இன்னும் மோசம். கேக் என்பது போக்கிடத்தின் மிகத் திண்மையான வடிவம். டெர்வென்ட் ஏரிகளையே வட்டமடிக்கலாம் என்றால், பொதிக்குதிரைப் பாலம் தாண்டிக் கிழக்குக் கரையில் கல்லும் சேறும். மெல்லிய டயர் தாங்காது. மெல்லிய டயர்க்காரர் கிங்ஸ் ட்ரீயிலேயே திரும்பியாக வேண்டும். அங்கே கேக் கிடையாது. திரும்பியதும் மூரிலிருந்து சிவப்புக் கவுதாரி கரகரத்த குரலில் கூவும். அது 'திரும்பிப் போ, திரும்பிப் போ' என்பதாக அந்த நாட்டார் கேட்பது வழக்கம். கோட்பாட்டை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரே உள்ளூர்வாசி அதுதான்.