செயின் வைத்தியர்

வெள்ளாற்றின் வடகரையில் வைத்தியநாதர் கோயில் கொண்டிருக்கும் திட்டக்குடியில், மனிதருக்கு மருத்துவம் பார்ப்போர் ஒருபுறமிருக்க, மோட்டார் சைக்கிளின் செயினுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கும் வகையினரும் தெருவுக்கு ஒருவராக வாழ்கின்றனர். செயின் வைத்தியர் என்று இங்குக் குறிக்கப்படும் இவர் மெக்கானிக் அல்லர்; பணி ஓய்வு பெற்றவராகவோ அதற்கு நாள் எண்ணுபவராகவோ இருப்பார்; 100 சிசி வண்டி ஒன்று வைத்திருப்பார்; அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கும் நேரத்தைவிட, அதைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தருகே குத்தவைத்திருக்கும் நேரமே அவருக்கு மிகுதி.

இவருடைய தலையாய புலன் செவியாகும். டீக்கடைப் பேச்சை நடுவில் நிறுத்தி, "லிங்க் ஒண்ணு இறுகிக் கெடக்கு, நம்ம வாத்தியார் வண்டிதான்" என்று, வாத்தியார் கண்ணில் படுமுன்பே அறிவித்துவிடுவார். பெண் பார்க்கப் புறப்பட்ட இளைஞனையும் கைகாட்டி நிறுத்தி, "தம்பி, செயின் அழுவுது, காதுல விழலையா?" என்று கேட்பார்; அவன் ராகுகாலத்தைச் சொல்லித் தப்ப முயன்றால், செயின் அறுவதற்கு எந்தப் பஞ்சாங்கமும் கிடையாது என்பார்.

இவருடைய கவலைக்கு ஊர் மண்ணிலேயே காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர்; பீங்கானுக்காகக் களிமண்ணோடு அரைத்துச் சேர்க்கப்படும் குவார்ட்ஸ் என்னும் கல்தான் ஆற்று மணலிலும் பெரும்பங்கு வகிக்கிறது. காற்றில் பறந்து வரும் அந்தக் கல்லின் பொடி செயினில் வழியும் எண்ணெயோடு குழையும்போது, மெக்கானிக்குகள் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் பயன்படுத்தும் பசைக்கு ஒப்பாகி, இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. எனவே வைத்தியர் எண்ணெயை ஊற்ற ஊற்ற நோயும் வளர்கிறது. அது வளர வளர அவர் மேலும் ஊற்றுகிறார்.

1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. இரு பக்கத் தகடுகளை இணைக்கும் பின், அந்தப் பின்னைச் சூழ்ந்த புஷ் என்னும் சிறுகுழல், குழலின்மேல் உருண்டு ஸ்பிராக்கெட் எனப்படும் பல்சக்கரத்தின் பற்களிடையே அமரும் ரோலர் ஆகியவையே அதன் உறுப்புகள். செயின் நீண்டுவிட்டது என்று ஊர் சொல்லும்போது உண்மையில் எந்தத் தகடும் நீள்வதில்லை; பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்து, ஏறக்குறைய நூறு கணுக்களிலும் மயிரிழை மயிரிழையாக விட்ட இடைவெளிதான் நீளமாகத் திரண்டு நிற்கிறது. எண்ணெய் சென்று சேரவேண்டிய இடம் அந்தக் குழலின் உட்புறம். வைத்தியர் ஊற்றுவதோ வெயிலில் பளபளக்கும் வெளித்தகட்டின்மேல்.

ஊற்றப்படும் பொருளும் கருதத்தக்கது. வண்டிக் கையேடுகள் பல 90 எண் கியர் ஆயிலைப் பரிந்துரைக்க, வைத்தியரோ மெக்கானிக் கடையில் வடித்தெடுத்த கறுப்பு ஆயிலை, இரும்புத் துகள் மிதக்க, பழைய தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில் வாங்கி வந்து, மூடியில் ஆணியால் துளையிட்டு வைத்திருப்பார். செயினைத் தேய்க்கும் பல்துலக்கி வீட்டில் யாருடையது என்பது ஆயுத பூசைக்கு முந்தைய நாள் விசாரணைக்கு வரும். செயின் கழுவ உதவும் மண்ணெண்ணெய் ரேஷனில் அருகிப்போனதை நாட்டுக்கு நேர்ந்த பெருங்கேடாகக் கருதும் இவர், கழுவிய செயினைத் துடைத்து உலரவிடும் பொறுமை மட்டும் இல்லாதவர். மிகையாக ஊற்றிய எண்ணெய் வண்டி ஓடியதும் தெறிப்பதால், பின்னிருக்கையில் அமரும் இல்லத்தரசியின் சேலைகள் அனைத்திலும் ஒரே உயரத்தில் கறுப்புப் புள்ளிக்கோலம் காணப்படும். "உங்க செயினுக்குக் காட்டுற அக்கறையில காவாசி எனக்குக் காட்டுனா போதுங்க" என்ற அம்மையாரின் முறையீட்டுக்கு, செயின் எதிர்த்துப் பேசுவதில்லை என்ற மறுமொழியை அவர் மனத்துக்குள் மட்டுமே சொல்லிக்கொள்வார்.

கோவையின் ரோலான் செயினா, சென்னையின் டயமண்ட் செயினா என்ற வழக்கில் இவர் ஏதேனும் ஒரு கட்சியைச் சேர்ந்தவராகவே இருப்பார். எக்கட்சியாயினும், செயினை வீணைத் தந்திபோல் முறுக்கி வைப்பதில் வேற்றுமை இல்லை. கீழ்ப்பக்கச் செயின் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலும் கீழும் ஆடவேண்டும் என்பதும், அவ்வாறு ஆடாவிட்டால் சக்கரத்தின் பேரிங் கெடும் என்பதும் மெக்கானிக் வழியாக அவருக்கு எட்டிய செய்திகள்தாம். ஆனால் மெக்கானிக் வயதில் இளையவர்.

வைத்தியரை உண்மையிலேயே நிலைகுலையச் செய்தது மகள் வாங்கி வந்த ஸ்கூட்டர். அதன் பின்சக்கரத்தை இயக்குவது உறைக்குள் மறைந்த ரப்பர் பெல்ட். அதில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்பதால், ஒரு சொட்டும் விடக்கூடாது என்று கடைக்காரர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். கறுப்பு ஆயில் பாட்டிலோடு அவ்வண்டியை மும்முறை வலம்வந்த வைத்தியர், இறுதியில் சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தார்.