ஆகாத சாமான்

கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் முற்றத்துக்கு முற்றம் கிறிஸ்துமஸ் குடில் எழும்பும். கடையில் மடித்து விற்கிற குடிலை வாங்கிவந்து நிமிர்த்தி வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் மதிப்பதில்லை. காசு செலவழிக்காமல், வீட்டில் கிடக்கும் ஆகாத சாமான்களைக் கொண்டே பெத்லகேமைக் கட்டவேண்டும் என்பது என் கட்சி. கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர். எதிர்க்கட்சி அடுக்களையில் இருக்கிறது.

என் கொள்கைக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அவர் கேட்டது ஒரு தீவனத்தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். "பாத்தியா, புதுசா ஒரு சாமான் வாங்கினாரா?" என்றேன்.

"அவரு கலியாணம் கெட்டாதவரு. மறுநாள் தூத்து வாருறது யாருன்னு அவருக்குக் கவலை கிடையாது" என்றாள் மனைவி.

வருடம் முழுக்கச் சேர்ப்பேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, டிவியோடு வந்த தெர்மோகோல், தண்ணீர் பாட்டில்கள், சிரட்டை, கதம்பை, கொதும்பு, பன்னாடை, கம்பி ஒடிந்த குடை எல்லாம் பரணில் ஏறும். செய்தி பரவி, அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டு உடைசல்களைக் கொண்டுவந்து தரத் தொடங்கினார்கள். "உங்களுக்குன்னு எடுத்து வச்சேன் அண்ணாச்சி" என்று அவர்கள் சொல்லும்போது என் நெஞ்சு விரியும். மனைவிக்கு வேறு ஏதோ விரியும், அநேகமாக மூக்கு.

முதல் வேலை மலை. அந்தக் காலத்தில் சிமெண்ட் தாள்பையில் வந்தது. பழுப்புநிறத் தாளைக் கசக்கிப் பிரித்தால் போதும், பாறை தயார். இப்போது வருவது பிளாஸ்டிக் சாக்கு. கசக்கினால் கசங்கிய கோபத்தோடு திரும்ப நிமிரும். அதனால் பழைய சணல் சாக்கைச் சிமெண்ட் கரைசலில் முக்கிக் காயவைப்பது என் முறை. கடைக்காரர் சில்லறைக்குத் தரமாட்டேன் என்றார். ஆக, ஆகாத சாக்கு ஒன்றை மலையாக்க 50 கிலோ புது மூட்டை ஒன்று வந்தது. மீதி சிமெண்ட் மழை ஈரத்தில் கெட்டியாகி, செலவில்லாமல் இரண்டாவது மலை ஆயிற்று.

அடுத்தது சம்மனசு. டிவி தெர்மோகோலில் சிறகு, அங்கி, முகம் எல்லாம் பிளேடால் செதுக்கி, தங்கநிற ஸ்பிரே அடித்தேன். தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். ஸ்பிரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான் அதை அரித்துத் தின்றுவிடும். முதலில் சிறகு போயிற்று, பிறகு முகம். கடைசியில் எஞ்சியது இடையர்களுக்கு நற்செய்தி சொல்ல வந்ததா, அவர்களைத் துரத்த வந்ததா என்று சொல்ல முடியாத ஓர் உருவம். அதை மலைக்குப் பின்னால், மேகம் என்ற பதவியில் நியமித்தேன்.

கதம்பையில் செய்த ஒட்டகங்களை எதிர்வீட்டுப் பெரியவர் நின்று பார்த்து, "பன்னி நல்லா வந்திருக்கு" என்று பாராட்டினார். மத்தேயு நற்செய்தியில் ஞானிகள் மூன்று பேர் என்ற கணக்கும் இல்லை, அவர்கள் ஒட்டகத்தில் வந்ததாகவும் இல்லை. எதில் வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். மகள்தான் விடவில்லை. "அப்பா, யூதருக்க ஊருல பன்னிக்கு என்ன வேலை?" மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பியது நான்தான்.

இதற்குள் பரண் காலியாகிவிட்டது, பெத்லகேம் பாதிதான் எழும்பியிருந்தது. இந்தக் கட்டத்தில்தான் ஆகாத சாமான் என்பதற்கான விளக்கத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த நேர்ந்தது. நட்சத்திரத்துக்கு ஈர்க்கில் வேண்டும், வாரியலில் இருந்தது. "அது தேஞ்ச வாரியல்தானே?" என்றேன். "நேத்து வாங்கினது" என்றாள். குளத்துக்குக் கண்ணாடி வேண்டும். பீரோக் கதவில் இருந்தது, ஒரு மூலையில் ரசமும் போயிருந்தது. புல்லுக்கு விதைத்த கேப்பை ஒரு வாரத்தில் பச்சைப்பசேலென்று முளைத்தது. அதைக் கோழிகள் கொத்தித் தீர்த்த பிறகு, புல்வெளிக்குப் பச்சைப் பட்டுச்சேலை ஒன்று தேவைப்பட்டது. அவள் அதை உடுத்தி நான் பார்த்ததே இல்லை. பார்க்காத சேலை ஆகாத சேலை என்பது என் வாதம். "தம்பிக்கக் கலியாணத்துக்கு வச்சிருக்கேன்" என்பது அவள் வாதம். தம்பிக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அன்று இரவு எனக்குச் சோறு இல்லை.

விளக்குக்கும் பழைய சீரியல் செட்தான். 6 வோல்ட் பல்பு 40-ஐ வரிசையாகக் கோத்து வீட்டு மின்சாரத்தில் செருகும் அந்தக் காலத்துச் சரம். ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. எது போனது என்று அதுவாகச் சொல்லாது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். ஊரே சாமப்பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் டார்ச்சைக் கடித்துக்கொண்டு மாமரத்தில் இருந்தேன். பாலன் பிறந்த பிறகுதான் நட்சத்திரம் எரிந்தது. அதுவும் அணைந்து அணைந்து.

மூன்று இராசாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் குடிலைப் பிரிக்கவேண்டும். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரரை மனைவியே கூப்பிட்டாள். என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிற்று: அட்டைக்கு ஒரு விலை, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, கம்பிக்கு ஒரு விலை. சிமெண்டுக்காவது தேறும்.

அவர் குடிலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அட்டையைப் பிடித்து இழுத்தார். கூடவே தெர்மோகோல் வந்தது. பாட்டிலை இழுத்தார், சிமெண்ட் வந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் தனித்தனியா இருந்திருந்தா நல்ல வெலைக்கு எடுத்திருப்பேன் அண்ணாச்சி. இப்படி ஒட்டிப்போட்டா எந்தக் கம்பெனியிலயும் எடுக்கமாட்டான். இப்ப இது ஆகாத சாமான்."

மனைவி வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை அள்ளிக்கொண்டு போக அவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு தொகை சொன்னார். அரைமணி நேரம் பேரம் பேசி 50 ரூபாய் குறைத்தேன். அந்தப் பண்டிகையில் நான் மிச்சம் பிடித்த பணம் அது ஒன்றுதான்.