மழைக்காட்டில் மழை பெய்கிறதாம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ரிசார்ட்காரர்கள் இதை 'இயற்கையோடு ஒரு பயணம்' என்பார்கள். பாதி வளைவுக்குள் காலையில் தின்ற பொங்கல் தன் தரப்பு வாதத்தைத் தொடங்கிவிடும்.

வரவேற்பறையில் சந்தனப் பொட்டு, இஞ்சி போட்ட எலுமிச்சைச் சாறு, பிறகு ஆதார் அட்டை. வாசலில் காத்திருக்கும் இன்னொரு அட்டை எந்த ஆவணமும் கேட்காது. நேரே கணுக்காலில் ஏறி அறையெடுத்துவிடும். "உப்பு வச்சா விழுந்துடும் சார்" என்கிறார் பெட்டி தூக்கும் அண்ணன். உப்பு கட்டணத்தில் அடங்கும் போலிருக்கிறது.

சுற்றிலும் தேயிலை. "என்ன பசுமை!" என்று செல்ஃபி எடுக்கிறோம். அசல் காட்டை 1890களிலிருந்து வெட்டி வெட்டித்தான் இந்தப் பசுமையை நட்டார்கள். மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளில் சிங்கவால் குரங்குகள் குடித்தனம் நடத்துகின்றன. புதுத்தோட்டம் பக்கம் அவை சாலையைக் கடந்து வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுண்டு. விருந்தினர் புத்தகத்தில் நாம் எழுதுவது: "குரங்குத் தொல்லை அதிகம்."

ஜூலை மாதம் வேறு. தென்மேற்குப் பருவமழை கூரையைப் பெயர்க்கிறது. மழைக்காடு என்று விளம்பரத்தில் பார்த்துப் பணம் கட்டிய குடும்பத் தலைவர் மேலாளரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மழை எப்பங்க நிக்கும்?"

"டிசம்பர் கடைசியில வாங்க சார், வானம் பளிச்சுனு இருக்கும். வாடகைதான் ரெண்டு மடங்கு."