ஒரு திருப்புளியும் ஒரு டப்பா பிட்டும்

1980-களில் வேலப்பன்சாவடியில் எங்கள் வீட்டில் இருந்த திருப்புளிகள் இரண்டே. ஒன்று தட்டை, ஒன்று ஸ்டார். ஸ்டாருக்கு அதிகம் வேலை கிடையாது. ரேடியோவின் பின்மூடி, தையல் மிஷின் தட்டு, ஸ்விட்ச் போர்டு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே அந்தத் தட்டைத் திருப்புளியின் பொறுப்பு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். முனை மழுங்கினால் புதிதாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சே வீட்டில் எழாது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவார்.

பட்டறைக்காரர் கிரைண்டரை ஓடவிட்டு அப்பாவிடமே கொடுத்துவிடுவார். அப்பா முனையைக் கல்லில் லேசாகத் தொட்டவுடன் எடுத்து, பக்கத்தில் இருக்கும் தகர டப்பாத் தண்ணீரில் முக்குவார். மறுபடி தொடுவார், மறுபடி முக்குவார். "முனையில நீலம் பாய்ஞ்சா தீர்ந்துச்சு தம்பி, அந்த இரும்பு செத்துப்போச்சு" என்பார். உண்மைதான். பதம் ஏற்றிய எஃகு நீலம் காணும் அளவுக்குச் சூடானால் பதம் இறங்கிவிடும். அடுத்த திருகிலேயே முனை வளையும்.

ஆப்பு மாதிரி சரிந்த முனை திருகின் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிடும் என்பதால், முனையின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்வரை விடமாட்டார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு திருகை எடுத்து முனையில் பொருத்திப் பார்ப்பார். பள்ளத்தை முழுக்க நிரப்பி, ஆடாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.

இன்று அதே ஊரில் நான் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். மருத்துவமனைகளும் பல் மருத்துவக் கல்லூரியும் வந்து, கூவம் பக்கம் வரைக்கும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. வேலைக்குக் குறைவில்லை. என்னிடம் வேலை செய்யும் பையன்கள் எல்லோர் கையிலும் பேட்டரி மிஷின். எல்லோர் பையிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் வரிசையாக, மிஷினில் மாட்டும் பிட்டுகள். அன்றைக்கு ஒரே திருப்புளியைத் தீட்டித் தீட்டி எல்லாத் திருகுக்கும் பொருந்தவைத்தோம். இன்றைக்கு ஒவ்வொரு திருகுக்கும் தனி பிட் இருக்கிறது, பையன்கள் கை போவதோ ஒரே ஒரு பிட்டுக்குத்தான். ஸ்டார் ரெண்டாம் நம்பர். அது வழுக்கினால் இன்னும் அழுத்துவார்கள். அப்போதும் வழுக்கினால் திருகைத் திட்டுவார்கள்.

திருகுமேல் தவறில்லை. நாம் ஸ்டார் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் குறைந்தது மூன்று சாதி இருக்கிறது. முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் யோசனையை வாங்கிச் செம்மைப்படுத்தி 1936-இல் காப்புரிமை பெற்றார். அந்த வருடமே காடிலாக் கார் தொழிற்சாலை அதை எடுத்துக்கொண்டது. மிஷினால் வேகமாகத் திருகும்போது முனை தானாகவே நடுவில் போய் உட்காரும். அதுதான் அதன் பலம். ஆனால் அந்த முனையின் நாலு சிறகுகளும் சரிவானவை என்பதால், முறுக்கு ஏற ஏற பிட்டை வெளியே தள்ளும். அதனால்தான் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கிறது. நாம் ஜிப்சம் ஸ்க்ரூ என்று வாங்கும் கறுப்புத் திருகு இந்த ரகம். பிட்டில் பி.எச். 2 என்று இருக்கும்.

இரண்டாவது போசிடிரைவ். 1960-களில் வந்தது. சிறகின் பக்கங்கள் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் வெளியே தள்ளுவது மிகக் குறைவு. திருகின் தலையைப் பார்த்தால் பெரிய சிலுவைக்கு நடுவே மெல்லிய கோடுகள் நான்கு தெரியும். ஐரோப்பிய முறையில் வரும் அலமாரிக் கீல்களிலும் அவற்றைச் சரிசெய்யும் திருகுகளிலும் பெரும்பாலும் இதுதான். பிட்டில் பி.இசட். 2 என்று பார்த்து எடுக்க வேண்டும். இதில் பி.எச். பிட்டைப் போட்டால் நுழையும், ஆனால் ஆடும், மிஷின் வேகத்தில் பள்ளத்தைக் கடித்துத் தின்றுவிடும். மாறாக பி.இசட். பிட்டை பிலிப்ஸ் தலையில் வைத்தால் முழு ஆழத்துக்கு உட்காரவே உட்காராது.

மூன்றாவது ஜப்பான் அளவு. 1984, 85 வாக்கில் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகியும், பின்னாலேயே ஹீரோ ஹோண்டாவும் ஆர்.எக்ஸ். 100-ம் என ஜப்பானிய பைக்குகள் நம் ரோட்டுக்கு வந்தன. அந்த இன்ஜின் மூடித் திருகுகள் மெக்கானிக்குகளை ஓட ஓட விரட்டின. சிலுவை ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக இறங்காது, பக்கங்கள் பிடிமானம் கொள்ளுமுன் வழுக்கும். உளி வைத்துத் தட்டிக் கழற்றிய திருகுகளைச் சாலையோரக் கடைகளில் டப்பா டப்பாவாகப் பார்த்திருக்கிறேன். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் ஜப்பான் அளவு. அந்த அளவுக்கே செய்த பிட் கிடைத்தால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விடாமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிட் தேர்வில் பாதி வேலை இதோடு முடிந்துவிடுகிறது. திருகைப் பார்க்காமல் பிட் வாங்கக் கூடாது. வேலைக்கான திருகு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நான் கடைக்கே போகிறேன்.

மீதி பாதி, இரும்பு. ஒருமுறை தங்க நிறத்தில் பளபளக்கும் செட் ஒன்றை ஒரு பையன் வாங்கி வந்தான். ஒரு வார்ட்ரோப் முடிவதற்குள் ரெண்டாம் நம்பர் முனை உருண்டு மொட்டையாகிவிட்டது. நல்ல பிட்டில் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருக்கலாம், மட்டமானதில் வெறும் சாயமாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அடியில் இருக்கும் எஃகுதான் பாரம் தாங்குகிறது. கையால் திருக குரோம் வனேடியம் போதும். அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் மிஷினுக்கு எஸ் 2 எஃகு வேண்டும். அது அதிர்ச்சி தாங்கவென்றே செய்த ரகம். முனைக்கும் தண்டுக்கும் நடுவே இடுப்பு மெலிந்த பிட்டுகள் வருகின்றன. அடி விழும்போது அந்த இடுப்பு கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து முனையைக் காப்பாற்றும். கடினம் மட்டும் ஏறி, முறுக்கிக்கொடுக்கத் தெரியாத பிட் கண்ணாடிபோலச் சில்லு தெறிக்கும்.

எங்கள் ஹார்ட்வேர் அண்ணாச்சி இதில் பொறுமைசாலி. "அண்ணாச்சி, டப்பாவைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றால் காட்டுவார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். கடைந்து எடுத்த முனையின் ஓரங்கள் கூர்மையாக, நாலு சிறகும் ஒரே அளவில் இருக்கும். மட்டமான முனை சொரசொரப்பாக இருக்கும், அச்சுக் கோடு தெரியும். தண்டில் அளவும் செய்தவர் பெயரும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். பிறகு பையிலிருக்கும் திருகைப் பொருத்தி விரலால் ஆட்டிப் பார்க்கிறேன். காந்தம் இருந்தால் திருகு ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. ஆடுகிறதா என்பதுதான் கேள்வி.

"அது இருபது ரூபா தம்பி, இது அதைப்போல நாலு மடங்கு. யோசிச்சுக்குங்க" என்பார். நான் யோசிப்பதில்லை. தலை மழுங்கிய ஒரு கீல் திருகைத் துளைபோட்டு எடுத்தால் பார்ட்டிகிள் போர்டு பொடிந்து ஓட்டை பெரிதாகிவிடும். புதுத் திருகு அதில் நிற்காது, கதவு தொங்கும், பலகையையே மாற்ற நேரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு இது. அதனால் செட்டாக வாங்குவதை விட்டுவிட்டேன். எங்களுக்கு வேண்டியது பி.எச். 2-ம் பி.இசட். 2-ம்தான். அவற்றையே உதிரியாக, நல்லதாக வாங்குகிறேன். தேய்ந்ததை அன்றைக்கே பழைய இரும்பில் போடச் சொல்லியிருக்கிறேன், டப்பாவில் திரும்ப வைத்தால் அடுத்த அவசரத்தில் அதுதான் கையில் வரும்.

புதிதாகச் சேர்ந்த திருவேற்காட்டுப் பையனுக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம். "அண்ணே, பி.இசட்.டுக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வச்சிடட்டுமா?" என்று கேட்டான். வைத்தான். இப்போது கீல் வேலைக்குச் சிவப்பு பிட் என்று கேட்டுதான் எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். ஜப்பான் அளவுக்குப் பச்சை வைக்கலாம் என்றிருக்கிறான். அவன் அப்பாவிடம் இன்னும் ஒரு ஆர்.எக்ஸ். 100 ஓடுகிறது.