எட்டாவது அடிதான் பாவம்

பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயத்தில் குதிரையை ஏழு முறை சாட்டையால் அடிக்கலாம். ஏழு வரைக்கும் அதற்குப் பெயர் ஊக்கம். எட்டாவது விழுந்தால் ஜாக்கிக்குத் தண்டனை. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். பதினொன்றைத் தொட்டால்தான் பரிசு கைநழுவும். பெரிய மனிதர்கள் கூடிப் பேசி 2023இல் கொண்டுவந்த கணக்கு இது. தடையில்லாத தரையில் ஓடும் பந்தயமென்றால் ஆறே அடிதான். உயிரைப் பணயம் வைத்துத் தாண்டுகிற குதிரைக்கு ஒன்று உபரி!

சாட்டைக்குள் நுரைப்பஞ்சு வைத்திருக்கிறார்களாம், வலிக்காதாம். வலிக்காத அடியை எதற்கய்யா விரல்விட்டு எண்ணுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள்.

லிவர்பூல் அருகே ஏன்ட்ரி மைதானத்தில் ஏப்ரல்தோறும் கிராண்ட் நேஷனல் நடக்கிறது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், முப்பது தாண்டல். 2011இல் முதல் சுற்றிலேயே ஆர்னேஸ், டூனீஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் செத்தன. பந்தயத்தை நிறுத்தினார்களா? தார்ப்பாய் எதற்கு இருக்கிறது! போர்த்திவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் மிச்சக் குதிரைகள் அந்த இரண்டு தடைகளையும் சுற்றிக்கொண்டு ஓடின. மேலே பறந்த ஹெலிகாப்டர் கேமராதான், விவஸ்தை கெட்டது, எல்லாவற்றையும் நாட்டுக்கே காட்டித் தொலைத்தது. ஜெயித்த குதிரைக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டியிருந்தது. அதன் ஜாக்கிக்கு, அளவுக்கு மீறி அடித்ததற்காக ஐந்து நாள் தடை. கோப்பை? அது எங்கேயும் போகவில்லை.

2023இல் விலங்குரிமைக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். 118 பேர் கைது. பந்தயம் கால்மணி நேரம் தாமதம். முதல் தடையிலேயே ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை விழுந்து செத்தது. அதன் பயிற்சியாளர் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்: போராட்டக்காரர்கள்! தாமதத்தில் குதிரை மிரண்டுவிட்டதாம். மிரளுகிற குதிரையை முப்பத்தொன்பது குதிரைக் கூட்டத்தில் தடையை நோக்கி விரட்டியவர்கள் மட்டும் பரம சாதுக்கள்.

மறுவருடம் ஓடக்கூடிய குதிரைகளின் உச்ச எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைத்தார்கள். கருணைக்கு அளவே இல்லை. 2025இல் பதின்மூன்று வயதுக் குதிரை செலிப்ரே டாலன் முன்னணிக்கு வந்து, தளர்ந்து, பந்தயத்துக்குப் பின் சுருண்டு விழுந்தது. மூன்றாம் நாள் செத்தது. இனி ஓடத் தெம்பில்லை என்று தெரிந்த பிறகும் ஓட்டினாரென்று ஜாக்கிக்குப் பத்து நாள் ஓய்வு கொடுத்தார்கள்.

குதிரை விழுந்தால் இப்போது சட்டென்று பச்சைத் திரை எழும்புகிறது. மருத்துவர் நிம்மதியாக வேலை பார்க்கத்தானாம். தொப்பி கலையாமல் ஷாம்பெயின் அருந்தும் சீமாட்டிகளின் நிம்மதியும் அதே திரையில்தான் தொங்குகிறது. ஹெலிகாப்டரின் கண்ணையும் ஒரு துணியால் கட்டிவிட்டால் ஏன்ட்ரியில் விலங்கு நலத் திட்டம் பூர்த்தி.