மார்க்கெட் நிலவரத்தில் அம்மா இல்லை

அனுப்புநர்: சிவகாசிப் பட்டாசு ஆபீஸ் ஒன்றின் கணக்கெழுத்தர், விருதுநகர்.

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: என் அம்மாவின் மாதச் செலவுக்கு ஒரே விலை நிர்ணயிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உளுந்து, துவரை, மல்லி, வத்தல், நல்லெண்ணெய் டின் என்று பேப்பரில் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ வருமே, அந்த ஊர்க்காரன் நான். இங்கே மழை குறைவு, விளைச்சலும் குறைவு. ஆனால் எங்கே எது விளைந்தாலும் விலை சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, 26 வருஷமாகப் பட்டாசு ஆபீசில் பேரேடு எழுதுகிற எனக்கு ஒரே ஒரு விலை மட்டும் பிடிபடவில்லை. என் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு?

அம்மாவுக்கு 78 வயது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி, ராத்திரி சிம்னி விளக்கில் பெட்டி ஒட்டி என்னை பி.காம். படிக்கவைத்தவள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. அதோடு நினைவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பித்தது. நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, “நேரமாச்சு, வேன் வந்துரும்” என்கிறாள். நிஜமாகவே காலையில் ஆபீஸ் வேன் ஏறுகிறவர்கள் நானும் என் மனைவியும்தான். பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவையே இப்போது யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கம் ஓர் இல்லத்தைப் பார்த்து வந்தேன். தூக்கி உட்காரவைக்க ஆள், ராத்திரி நர்ஸ், வேளைக்கு மாத்திரை, வழுக்காத தரை. மாதம் 28,000 ரூபாய், முன்பணம் 2 லட்சம். என் சம்பளம் 24,000. கழித்துப் பார்க்க உங்களிடம் ஆள் உண்டு.

சரி, அரசாங்கம் அம்மாவுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று தேடினேன். ஒரு விலை இல்லை, நான்கு இருக்கிறது.

முதல் விலை 200 ரூபாய். இந்திரா காந்தி பெயரிலான முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை நீங்கள் தரும் மாதப் பங்கு. மாநில அரசு தன் காசைச் சேர்த்து 2023-இல் அதை 1,200 ஆக்கியது. அது இரண்டாவது விலை. அம்மாவுக்கு 80 ஆனால் உங்கள் பங்கு 500 ஆகும் என்று படித்ததும் மனம் குளிர்ந்துபோனேன். பிறகுதான் விளங்கியது, நீங்கள் கூட்டும் 300-ஐ மாநிலம் தன் பங்கில் குறைத்துக்கொள்ளும். கிழவி கையில் அதே 1,200. இந்த மாதிரிப் பற்று வரவை என் முதலாளி பார்த்தால் உங்கள் அதிகாரியை நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வார். எப்படியும் எங்களுக்கு இது கிடையாது. திட்டம் ஆதரவற்றோருக்கானது. அம்மாவுக்கு ஆதரவாக நான் இருக்கிறேன். ஆதரவின் சம்பளம் 24,000.

முதியோர் ஓய்வூதியத்தை 1962-இல் மாதம் 20 ரூபாய் என்று தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் எங்கள் ஊர்க்காரர் காமராஜர். அவர் தன் அம்மா சிவகாமி அம்மாளுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார், கூட்டிக் கேட்டும் தரவில்லை என்று இங்கே சின்னப் பிள்ளைகூடப் பெருமையாகச் சொல்லும். அந்த 120-இல் எப்படிக் குடும்பம் ஓட்டினீர்கள் என்று சிவகாமி அம்மாளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வீடு இன்று நினைவு இல்லம். எங்கள் ஊரில் அதற்கு மட்டும் அரசாங்கம் உடனே பணம் ஒதுக்கும்.

மூன்றாவது விலை 10,000. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அம்மா கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் என்மேல் மனுப் போட்டு ஜெயித்தால், மாதம் 10,000-க்கு மேல் விதிக்க முடியாது. ஆகச் சட்டப்படி நான் மாதம் 18,000 ரூபாய்க்கு அளவுக்கு மீறிய பாசக்காரன். அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்குகிற மாதிரி இல்லம் மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. கிளம்புகிற விருந்தாளியிடம் ‘சாப்பிட்டுப் போகலாமே’ என்பதுபோல ஒரு ‘லாம்’. பெற்றவளைக் கைவிட்டால் என்ன என்றும் பார்த்தேன். 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கெழுத்தன் புத்தி சும்மா இருக்குமா? வைத்துக் காப்பாற்ற மாதா மாதம் 28,000. விட்டுவிட ஒரே ஒரு தடவை 5,000.

நான்காவது விலை உங்கள் சொந்த ஜி.எஸ்.டி. கோப்பில் இருக்கிறது. பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் தங்க, உண்ண, பராமரிக்க எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் வரி இல்லை என்று 2018-இல் அறிவித்தீர்கள். அதாவது ஒரு முதியவருக்கு மாதம் 25,000 ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. வரி போடும் மேஜைக்குத் தெரிந்தது, காசு கொடுக்கும் மேஜைக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு டீ சாப்பிட்டாவது பேசிக்கொள்ளக்கூடாதா?

கடன் வாங்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன். ஆட்டுக்கு உண்டு, கறவை மாட்டுக்கு உண்டு, பைக்குக்கு உண்டு. பிள்ளையைப் படிக்க அனுப்பினால் உண்டு; பழைய வரிமுறையில் அந்த வட்டியை 8 வருஷம் வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் விடுகிறீர்கள். (எனக்கு வரியே வராது என்பதால் உங்கள் சலுகைகளெல்லாம் மொட்டைத் தலைக்குச் சீப்பு.) மேனேஜர் கெட்டவர் இல்லை. சங்கடத்தோடுதான் கேட்டார்: “மாட்டுக்குக் கொடுத்தா பால் வரும் சார். அம்மாவுக்குக் கொடுத்தா என்ன வரும்?”

அவரே இன்னொரு வழியும் சொன்னார். 2007 பட்ஜெட்டில் வந்த ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’. அம்மா பேரில் பெட்டி ஒட்டிய காசில் வாங்கிய இரண்டு அறை வீடு இருக்கிறது. அதை வங்கிக்கு எழுதிவைத்தால் உயிருள்ளவரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, மாதா மாதம் பணம் வரும். சந்தோஷத்தில் விதிமுறையைக் கடைசிவரை படித்துத் தொலைத்தேன். கடன்காரர் இறந்தாலோ, பராமரிப்புக்காக வேறு இடத்துக்கு நிரந்தரமாகக் குடிபோனாலோ மொத்தக் கடனும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். இல்லத்தில் சேரப் பணம் தருவீர்கள், இல்லத்தில் சேராமல் இருந்தால். அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு வயதான பெற்றோர் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

விலை சொல்லவே தெரியாத அரசு என்று உங்களைக் குறைசொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து எங்கள் சனம் கருகியபோது, இறந்தவர் குடும்பத்துக்குப் பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம், முதல்வர் நிதியிலிருந்து 3 லட்சம் என்று கணத்தில் அறிவித்தீர்கள். செத்தால் குழப்பமில்லாமல் விலை வந்துவிடுகிறது. கிழடாகி உயிரோடு இருந்தால்தான் கோப்புக்கு ஒரு விலை.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தின் இன்னொரு பெயரை நானே சொல்லிவிடுகிறேன். தலைக்கூத்தல். படுத்துவிட்ட முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் மேல் இளநீராகக் கொடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம். 2010-இல் ஒரு பெரியவர், தனக்கு வீட்டார் நாள் குறித்ததைக் காதால் கேட்டுத் தப்பி ஓடிய செய்தி வெளியானது. அப்புறம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், ஆய்வுக்காரர்கள் வந்தார்கள், படம் எடுப்பவர்கள் வந்தார்கள். ‘பாரம்’ என்ற படம் தேசிய விருதே வாங்கியது. எல்லோரும் எங்கள் கல்நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பக்கத்தில் ஒரு நாள் கூலியைப் படம் பிடித்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். நியாயப்படுத்தவில்லை, கொலை கொலைதான். கொள்முதல் விலையை மட்டும் சொல்கிறேன்: எண்ணெய், சீயக்காய், ஏழெட்டு இளநீர். உங்கள் நான்கு விலைகளில் இரண்டாவதற்குள் அடங்கிவிடும்.

ஆகையால் கனம் பொருந்திய தாங்கள் 200, 1,200, 10,000, 25,000 ஆகியவற்றில் என் அம்மா எது என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பெரிய விலை என்றால், அதற்கும் என் சம்பளத்துக்கும் உள்ள பள்ளத்தை அடைக்க, மாட்டுக்குக் கொடுக்கும் வட்டியில் ஒரு கடனாவது கொடுக்க வேண்டும். தீபாவளிச் சீட்டுப் போட்டு, மாதா மாதம் கட்டி, ஒரே ராத்திரியில் புகையாக்குகிறவர்களுக்குச் சிவகாசியிலிருந்து நாங்கள் சரக்கு அனுப்புகிறோம். அவர்களைப் பார்த்தே பழகியதால், தவணை தவறாமல் கட்டுவது எங்களுக்குப் புதிதில்லை.

போன தீபாவளியன்று விடியக்காலையில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தேன். என் பெயர் அவளுக்கு மறந்து நாளாயிற்று. உச்சியில் எண்ணெய் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“எய்யா, எளநி வாங்கியாச்சா?” என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆதரவு.

இணைப்பு: நல்லெண்ணெய் கால் லிட்டர், கடை பில் அசல்.